பத்துச் சதம்

கார்கள் எல்லாம் போன பிறகுதான்
என்னுடைய விழா தொடங்கும்.

கறுப்புப் பை நாலு, கையுறை ஒரு சோடி.
மேசைக்கு மேசை குனிந்து போகிறேன்.
பாதி குடித்த கோலாவைத் தொட்டியில் ஊற்றினால்
கூடவே விழுகிறது கடித்த ரோல்ஸ் துண்டொன்று.
பியர் டின் ஆகும். தண்ணீர்ப் போத்தல் ஆகும்.
வைன் போத்தலுக்கு இங்கே காசில்லை,
என்ன விலைக்கு வாங்கியிருந்தாலும்.

மேடைத் திரையை அணைக்க மறந்துவிட்டார்கள்.
பன்னிரண்டு பிள்ளைகளின் முகங்கள்
ஒன்று மாறி ஒன்று வந்து
வெறுங் கதிரைகளைப் பார்த்துவிட்டுப் போகின்றன.
ஒவ்வொரு முகத்தின் கீழும் வயது,
அதன் கீழ் யார் யார் இல்லை என்ற விபரம்.

போன வருஷக் கணக்கை வாமதேவன் வாசித்தார்.
வரவு பதினோராயிரத்து நானூறு.
மண்டபம், கோழிப் புரியாணி, ஒலி, ஒளி,
சென்னையிலிருந்து வந்த பாடகரின் விமானம்,
அவர் கேட்ட ஜன்னலோர இருக்கை,
எல்லாம் போக மூவாயிரத்து எழுபது.
கைதட்டினோம். நானும்தான்.

ஞாயிறு காலை, பெண்டில் ஹில், கார் தரிப்பிடம்.
எந்திரத்தின் வட்ட வாய்க்குள்
ஒவ்வொன்றாய்த்தான் ஊட்டவேண்டும்.
உருட்டிப் பார்த்து, கோட்டை வாசித்து,
விழுங்கிவிட்டுப் பத்துச் சதம் என்னும்.
நெளிந்த டின்னை மட்டும்
பிள்ளை கசப்பு மருந்தைத் துப்புவதுபோல்
கையில் திருப்பித் தரும்.

பின்னால் நின்றவள் கோயிலில் கண்ட முகம்.
"அக்கா, அண்ணைக்கு வேலை ஏதும்…" என்று இழுத்தாள்.
"படிப்புக்கு" என்றேன்.
"மகன்ர படிப்புக்கோ?"
விளக்க வாயெடுத்தேன்.
எந்திரம் அடுத்ததைக் கேட்டது.

கடிதங்கள் ஓகஸ்டில் வரும்.
எல்லாம் ஒரே கரும்பலகையைப் பார்த்து எழுதியவை:
அன்பும் பண்பும் நிறைந்த ஐயா, அம்மா என்று தொடங்கி
கடவுளிடம் எங்களை ஒப்படைத்து முடியும்.
இயல்வாணியுடையது மட்டும் குட்டி:
"விஞ்ஞானம் முப்பத்திரண்டு.
போன முறையும் அப்பிடித்தான்.
காசு நிக்குமெண்டால் முன்னமே சொல்லுங்கோ அன்ரி,
புடவைக்கடையில ஆள் தேடுகினம்."

விதி ஏழு:
இரு தவணை நாற்பதுக்குக் கீழ் என்றால்
உதவி நிறுத்தப்படும்.
அதைத் தட்டச்சுச் செய்தவள் நான்.
ஒரு எழுத்துப் பிழை கூட விடவில்லை.

அதே கிழமை என் மகன்
கணிதத்தில் முப்பத்தொன்று கொண்டுவந்து
பகிடிக்கு அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினான்.
நாங்கள் பதறியடித்து
மணிக்கு எழுபது டொலருக்கு ஆள் பிடித்தோம்.
எழுநூறு போத்தல்.
அவனை நிறுத்துவதைப் பற்றி
ஒருவரும் கூட்டம் கூட்டவில்லை.

கொமிட்டியில் இதைச் சொன்னேன்.
"தாற சனம் ரிசல்ட் கேக்குது" என்றார் வாமதேவன்.
கெட்டவரில்லை. இரவில் டாக்ஸி ஓடி
இரண்டு பிள்ளைகளைத் தனியே படிப்பிக்கிறவர்.
விதி நிற்கட்டும் என்று ஐந்து கை,
போகட்டும் என்று நாலு.
தேத்தண்ணி ஆறியிருந்தது. குடித்தோம்.

ஆகவே போத்தல்.
பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி,
எங்கே பந்தியோ அங்கே நான் கடைசி விருந்தாளி.
எந்திரம் துப்பிய டின்களை
வீட்டுக்குக் கொண்டுவந்து
கரண்டிக் காம்பை உள்ளே விட்டு
மெல்ல மெல்ல நெம்பி நிமிர்த்துகிறேன்.
இரவில் அந்தச் சத்தம், டக், டக்.
ஒருநாள் மகன் எழும்பி வந்தான்.
ஒன்றும் கேட்காமல்
இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு இருந்தான்.

அவளுக்கு எழுதினேன்:
காசு நிற்காது.
நன்றி எழுதவேண்டாம், எங்களுக்காகக் கும்பிடவும் வேண்டாம்.
விஞ்ஞானத்தில் எது விளங்கவில்லை என்று எழுது.

மூன்று கிழமை கழித்துப் பதில்.
கொப்பி கிழித்த தாளில், சாய்ந்த எழுத்தில்,
ஒரே சொல்:
"எல்லாம்."